வளர்க்கக் கொடுத்த பிள்ளை

"குடுத்தாச்சு" என்று அத்தை சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பொருளாக இருந்தாலும் சரி, வாயால் சொன்ன சொல்லாக இருந்தாலும் சரி, அவள் கையை விட்டுப் போனது போனதுதான். ஒருமுறை மழையில் நனைந்துகொண்டு வந்த பால்காரனுக்கு அப்பாவின் குடையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை அப்பா குடையைத் தேடு தேடென்று தேடிக்கொண்டிருக்கும்போது, பால்காரனே யோக்கியமாக அதைக் கொண்டுவந்து வாசலில் நீட்டினான். அத்தை வாங்கவில்லை. "குடுத்தாச்சு தம்பி, நீயே வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பா அன்றைக்கு நனைந்துகொண்டே ஆபீசுக்குப் போனார்.

என் அம்மா நான் தவழும்போதே போய்விட்டாள். அத்தை அப்பாவின் தங்கை. அவள் கணவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தவர். காய்ச்சல் வந்து இறந்துபோனார். அதன் பிறகு அத்தை தன் ஒரே மகன் மீரானைக் கூட்டிக்கொண்டு சுங்கை பினாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒரு தாய் கிடைத்தாள், அவளுக்கு ஒரு கூரை கிடைத்தது, அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. இதில் யார் யாருக்கு உபகாரம் செய்தார்கள் என்று கேட்டால் அப்பா ஒரு பதில் சொல்வார், நான் வேறு பதில் சொல்வேன்.

அவள் பெயரை எழுதாமல் விடுகிறேன். பெயரால் அவள் பட்டது போதும்.

பினாங்கில் கொடிமலை உச்சிக்கு ரயில் விட்ட புதிதில், காது குத்தும்போது அழாமல் இருந்தால் அந்த ரயிலில் கூட்டிப்போகிறேன் என்று எனக்கு ஆசை காட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழாமல் இருந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அத்தைக்கு உயரம் என்றால் அறவே ஆகாது. மாடிப்படியில் நின்று கீழே பார்த்தாலே தலையைப் பிடித்துக்கொள்வாள். அப்பா, "குழந்தைதானே, நாலு நாள்ல மறந்துடும், விடு" என்றார். அவள் விடவில்லை. சொன்ன வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரயில் கிளம்பியதிலிருந்து மேலே போய் நிற்கும் வரைக்கும் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மலைமேல் இறங்கி ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவள், நான் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை அங்கேயே இருந்தாள். இறங்கும்போதும் கண்ணைத் திறக்கவில்லை. பினாங்கு எப்படி இருந்தது அத்தை என்று கேட்டேன். "உன் கை வேர்த்துப்போச்சு, அதுதான் தெரிஞ்சுது" என்றாள்.

சேவல் கதையை நாங்கள் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம்! மீரானுக்கு ஒருமுறை அம்மை போட்டு, பிழைப்பானா என்று ஆகிவிட்டது. அத்தை, அப்போதுதான் பொரித்திருந்த ஒரு கோழிக்குஞ்சைக் காட்டி, இது பெரிதானதும் நாகூர் ஆண்டவருக்கு என்று நேர்ந்துகொண்டாள். அவர் பெயரில் சூலியா தெரு முனையில் இருக்கும் தர்கா அவளுக்கு அப்படி ஓர் இடம். மீரான் எழுந்துவிட்டான். குஞ்சும் சேவலாக வளர்ந்து என் பின்னாலேயே சுற்றியது. நான் அழுததைப் பார்த்து அப்பா, பாசாரில் இதே நிறத்தில் இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம், ஆண்டவர் என்ன அடையாளமா பார்க்கப் போகிறார் என்றார். அத்தை சேவலின் காலைக் கட்டினாள். ரிக்‌ஷாவில் போகும்போது சூலியா தெருவில் கட்டு அவிழ்ந்து அது குதித்து ஓட, அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஓட, சேவல் ஒரு சீனர் மருந்துக்கடைக்குள் புகுந்து, ஜாடிகளுக்கு நடுவே நின்று கூவியதாம். கடைக்காரர் உட்பட எல்லோரும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். ஆண்டவருடைய சேவல் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பிடிவாதத்துக்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அதுதான் மீரான்.

அவனுக்கு முன்னால் அத்தைக்குப் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. மறுபடியும் வயிற்றில் வந்தபோது யாரோ சொல்லி அந்தத் தர்காவுக்குப் போனாள். பிறக்கும் பிள்ளை உங்கள் பிள்ளை, உயிரோடு விட்டால் நான் வளர்க்க மட்டும் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் பிள்ளையைக் கொண்டுபோய்த் தர்கா வாசற்படியில் கிடத்தினாள். அங்கே ஓதிக் கொடுக்கும் லெப்பை பிள்ளையை எடுத்து, காதில் மீரான் என்று பெயரைச் சொல்லி, "எங்க பிள்ளைய உங்ககிட்ட வளக்கக் குடுக்கறோம், பத்திரமாப் பாத்துக்கங்க" என்று அவள் கையில் கொடுத்தாராம். நம் ஆட்களில் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள். நெற்றியில் விபூதியும் பெயரில் நாகூரும் இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மீரான் எதையாவது உடைத்துவிட்டு நின்றால் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "என் புள்ளையா இருந்தா நாலு போடுவேன். அவங்க புள்ளையாப் போயிட்டியே" என்பாள். அவனும் அதைச் சொல்லியே தப்பித்துக்கொள்வான்.

பக்கத்து வீட்டில் கதீஜா இருந்தாள். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவள் கணவர் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத்து வாசலில் விற்பார். அப்பாவின் ஆபீசும் அங்கேதான். அவருடைய மீன் குழம்பு இல்லாமல் அப்பாவுக்கு மத்தியானச் சோறு இறங்காது. கதீஜாவின் மகன் யூசுப்பும் மீரானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அத்தையை யூசுப் மாமி என்பான். ஒவ்வொரு வருஷமும் கந்தூரித் திருவிழாவுக்குக் கொடி ஏறும் அன்றைக்கு அத்தையும் கதீஜாவும் சேர்ந்துதான் தர்காவுக்குப் போவார்கள். தட்டில் சர்க்கரை, பூ, ஊதுவத்தி. லெப்பை பாத்திஹா ஓதுமுன் யார் பெயருக்கு என்று கேட்பார். அத்தை நிமிர்ந்து நின்று, "மீரான். உங்க புள்ளைதான்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பெருமையைப் பார்க்கவே நான் கூடப் போவேன்.

ரப்பர் விலை படுத்துப்போன காலத்தில் பையன்கள் இரண்டு பேரும் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தார்கள். மீரான் நன்றாகவே பாஸ் செய்தான். யூசுப் அவனைவிட நன்றாகப் பாஸ் செய்தான். தோட்டங்களில் ஆள் குறைத்துக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். இருந்தாலும் கம்பெனிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை காலியாகத்தான் செய்தது. இரண்டு பேரும் எங்கள் கூடத்து மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து மனு எழுதுவார்கள். மீரானின் இங்கிலீஷை யூசுப் திருத்துவான். யூசுப்பின் கையெழுத்து கோழி கிண்டியதுபோல் இருப்பதால் மீரான் அதை அழகாக நகல் எடுத்துக் கொடுப்பான். அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி. துரைக்கு அடுத்த நாற்காலி. யூசுப் தன் மனு ஒன்றை மரியாதையாக அப்பா கையிலேயே கொடுத்தான். "பாப்போம் தம்பி" என்று அப்பா வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மீரானைத் தன் கம்பெனியில் சேர்த்தால் சொந்தக்காரனைச் சேர்த்தான் என்று பேச்சு வரும் என்பதால் அவனை வெளியே முயற்சி செய்யச் சொல்லியிருந்தார். அப்பா அந்த அளவுக்கு நேர்மைக்காரர்.

எங்கிருந்தும் பதில் வரவில்லை. கூப்பிட்டுப் பேசக்கூட இல்லை. அவர்களுக்குக் கீழே பாஸ் செய்த பையன்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மீரான் வீட்டில் யாருடனும் பேசுவதை நிறுத்திவிட்டான். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அத்தை தாங்க முடியாமல், இந்தப் பிள்ளையிடம் என்னதான் குறை என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னார். "குறை அவன்கிட்ட இல்ல. பேர்ல இருக்கு. வேலைக்கு ஆள் வேணும்னா மனு கட்டு கட்டா வரும். மொதல்ல பேரப் பாப்போம். சாயபு பேரா இருந்தா தனியா எடுத்து வெச்சுடுவோம். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான். இவன் மனுவும் அதுலதான் போயிருக்கும்."

"எடுத்து வெச்சு?"

"வெச்சு என்ன. அப்புறம் கிழிச்சுப் போடறதுதான்."

அத்தை கையில் கரண்டியோடு நின்றாள். "துரை சொன்னாரா அப்படிச் செய்யச் சொல்லி?"

"துரை எதுக்குச் சொல்லணும்? நாங்களே பாத்துச் செய்யறதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைன்னு போயிடுவான். அவங்களுக்குக் கடை இருக்கு, வியாபாரம் இருக்கு. நம்ம பசங்களுக்கு இத விட்டா என்ன இருக்கு?"

அப்பாவின் குரலில் கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. மழை வருமா என்று கேட்டால் என்ன குரலில் பதில் சொல்வாரோ அதே குரலில் சொன்னார். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் உறுத்துவது அந்தக் குரல்தான். யாரையும் அடிக்காத, யாரையும் ஏசாத, பக்கத்து வீட்டுக்காரர் சமைத்ததை ரசித்துச் சாப்பிடுகிற ஒரு நல்ல மனிதரின் குரல் அது.

"அப்ப யூசுப் உங்க கையில குடுத்தானே, அது?" என்று அத்தை கேட்டாள்.

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மீரானுக்கு வழி இல்லாமல் இல்லை என்று அன்று சாயங்காலம் அவரே சொன்னார். வக்கீலிடம் போய் எழுதி வாங்கி, கிருஷ்ணன் என்றோ கோபால் என்றோ மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. மீரானுக்கும் அதில் சம்மதம். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். படித்துவிட்டு மாமா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருப்பது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அவன் அத்தையின் முன்னால் போய் நின்று கேட்டான். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அது நான் வெச்ச பேரில்லடா. அவங்க புள்ளைக்கு அவங்க வெச்சது. அத எடுக்க நான் யாரு?" என்றாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான். அத்தை புடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முறத்திலிருந்து அரிசி தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

அப்புறம் கொஞ்ச நாளில் மீரானுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. போன தடவை பதிலே போடாத அதே கம்பெனி. மீரான் என்ற அதே பெயருக்கு. அத்தை சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். முதலில் கதீஜாவிடம் ஓடினாள். கதீஜா அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் தன் புள்ளையக் கைவிடுவாரா அக்கா" என்றாள். இரண்டு பேரும் அப்போதே ரிக்‌ஷா பிடித்துத் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை ஓதி வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார்கள். யூசுப்பும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அடுத்தது நீதான் என்று அத்தை அவன் தோளைத் தட்டினாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கப்பல் கம்பெனியின் பெரிய கிராணி அப்பாவின் சிநேகிதர். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தோம். அத்தைக்கு ஒத்தாசையாகக் கதீஜா பின்வாசல் வழியாக வந்து சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் அவள்தான் பிழிந்தாள். வந்தவர் நல்ல தமாஷ்காரர். இலையில் உட்கார்ந்ததும் மீரானைக் கூப்பிட்டு முதுகில் தட்டி, கூடத்திலிருந்து சமையலறை வரை கேட்கிற குரலில் சொன்னார். "உங்க மாமா அன்னிக்கு வந்து சொல்லலன்னா உன் மனு கிழிச்சுப் போடற கட்டுலதான் லா கெடந்திருக்கும். ஏதோ சாயபு பையன்னுல்ல நெனச்சுட்டேன். இவரு வந்து, 'ஐயோ, அது எங்க பையன், வேண்டுதலுக்கு வெச்ச பேரு, அவங்க ஆளு இல்ல'ன்னு சொன்னாரு. அந்தக் கட்டுலேருந்து உன்ன மட்டும் உருவி எடுத்தேன் போ."

அப்பா சிரித்தார். மீரான் சிரிக்கவில்லை. அந்தக் கட்டில் இன்னொரு மனுவும் இருந்தது. அதை நகல் எடுத்துக் கொடுத்தவனே அவன்தான்.

நான் சமையலறை வாசலில் நின்றேன். அத்தை அடுப்பின் பக்கம் திரும்பியபடி இருந்தாள். திரும்பினால் கதீஜாவைப் பார்க்க வேண்டும். கதீஜா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு எழுந்துவந்து அத்தையின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, "பாயசம் அடிபிடிக்குது அக்கா" என்று சொல்லிக் கிளறினாள். கிளறி இறக்கி வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வேலை இருக்கிறது என்று பின்வாசல் வழியாகவே போனாள். வந்தவர் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான்தான் ஊற்றினேன்.

விருந்தாளி போன பிறகு அத்தை கூடத்துக்கு வந்தாள். அவள் அப்பாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அவன் அவங்க புள்ளை இல்லன்னு சொன்னீங்களா?"

"உள்ளதத்தான் சொன்னேன். அவன் நம்ம புள்ளைதானே, என்ன பொய் இதுல?"

"வாசப்படியில வெச்சுக் குடுத்தேன் அண்ணே. அத நீங்க போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துட்டீங்க."

அப்பாவுக்கு அது புரியவில்லை. பெண்பிள்ளைப் பேச்சு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். வேலை வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி வரும் என்று எதிர்பார்த்திருந்தவர் அவர்.

மீரானை வேலையை விட்டுவிடச் சொன்னாள் அத்தை. அவன் அழுதுவிட்டான். "நான் விட்டா யூசுப்பக் கூப்பிட்டு உக்கார வெப்பாங்களாம்மா? இன்னொரு கட்டுலேருந்து இன்னொருத்தன எடுப்பாங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. மாதம் பிறந்ததும் அவன் சம்பள வெள்ளிப் பணத்தைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். அதில் வாங்கின அரிசியைத்தான் நாங்கள் சாப்பிட்டோம், அத்தையும் சாப்பிட்டாள். சாப்பிடாமல் என்ன செய்வாள், போக்கிடம் ஏது! முன்பெல்லாம் முதல் கவளத்தை எடுக்கும்போது ஆண்டவரை ஒரு வார்த்தை கூப்பிடுவாள். அதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அப்பாவை ஒரே ஒரு விஷயம் கேட்டாள். உங்கள் கம்பெனியில் அடுத்த இடம் காலியானால் யூசுப்பை வைக்க வேண்டும், எனக்காக. சரி என்று அப்பா சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தைக்கு முகம் தெளிந்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை சொன்னால் சொன்னதுதான். அடுத்த மழைக்காலத்தில் இடமும் காலியானது. பாயசம் குடித்தவரின் மைத்துனன் வந்து அதில் உட்கார்ந்தான். ஏன் என்று அத்தை கேட்டதற்கு, ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற காரியம், தவிர்க்க முடியவில்லை, யூசுப்புக்கும் பாப்போம் என்றார் அப்பா. அந்தப் 'பாப்போ'மைக் கேட்டபோது எனக்கு என் அப்பாவைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அதற்கு முன் அப்படி இருந்ததில்லை. எனக்கு அவர் மேல் உயிர்.

யூசுப் கடல் தாண்டி அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதப் போய்விட்டான். போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டான். மாமி என்று கூப்பிட்டான். அத்தை உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. தலைவலி என்று நான் சொன்னேன். அவன் போன பிறகு அவள் ஜன்னல் ஓரம் நின்று, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதீஜா இதையெல்லாம் தன் கணவரிடம் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் அவர் அப்பாவுக்கு முன்போலவே பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்திருக்க மாட்டார். அப்பாவும் முன்போலவே சாப்பிட்டார். அவர் ஓய்வு பெற்று மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு வீட்டுக்கு ஒரு சட்டி குழம்பு வந்தது, பிரியமாக. என் கல்யாணச் சேலை மீரானின் சம்பளத்தில் வாங்கியது. எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொரு நல்லதையும் எண்ணும்போது அந்தக் கட்டு என் நினைவுக்கு வருகிறது.

யூசுப் மில்லுக்குப் போன வருஷத்துக் கந்தூரிக்கு அத்தை வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கொடி ஏறும் அன்று அவள் வழக்கம்போல் தட்டில் சர்க்கரையும் பூவும் எடுத்து வைத்தாள். வருஷா வருஷம் சர்க்கரை வைக்கிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தாளே, அதை மாற்ற முடியுமா! கதீஜாவும் வந்தாள். ரிக்‌ஷாவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் நடுவில் இடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தர்காவுக்கு எதிர்ப்பக்கம், கடைகளின் முன்னால் இருக்கும் நடைபாதையில் அத்தை நின்றுவிட்டாள். தட்டைக் கதீஜாவிடம் நீட்டினாள்.

"நீ கொண்டுபோய்க் குடு தங்கச்சி. நான் உள்ள வரல."

"ஏன் அக்கா?"

"லெப்பை யார் பேருக்குன்னு கேப்பாரு. உங்க புள்ளைன்னு எந்த வாயால சொல்லுவேன்? நீ யூசுப் பேருக்கு ஓதச் சொல்லு."

கதீஜா தட்டை வாங்கிக்கொண்டாள். அத்தை என்னையும் கூடப் போகச் சொன்னாள். உள்ளே ஒரே கூட்டம். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. எங்கள் முறை வந்ததும் லெப்பை தட்டை வாங்கி, யார் பெயருக்கு என்று கேட்டார். கதீஜாவின் மகன் அக்கரையில் மில் தூசியில் உட்கார்ந்திருந்தான்.

"மீரான்" என்றாள். "உங்க புள்ளைதான்."

வெளியே வந்தபோது அத்தை அதே இடத்தில் நின்றிருந்தாள். கதீஜா சர்க்கரைத் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு ரிக்‌ஷா பார்க்கப் போனாள். அத்தை குனிந்து என்னைக் கேட்டாள், "யூசுப் பேரச் சொன்னாளா?"

என்ன சொன்னாள் என்று நான் சொன்னேன்.

அத்தை தட்டை என்னிடம் கொடுத்தாள். முந்தானையை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள். கந்தூரிக் கூட்டம் இரண்டு பக்கமும் விலகிப் போய்க்கொண்டிருக்க, நடைபாதை நடுவில் அப்படியே நின்றாள். அவளை எப்படி ரிக்‌ஷாவில் ஏற்றினோம் என்று எனக்கு நினைவில்லை. ஏறிய பிறகும் முந்தானையை எடுக்கவில்லை. வீடு வரும்வரை, கொடிமலை ரயிலில் பிடித்ததுபோல, ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த கதீஜாவின் கையை மட்டும் அவள் தொடவில்லை.